நங்கூரம்: எடை மட்டும் போதுமா?

விசைப்படகு என்பது மீனவக் குடும்பத்தின் மூலதனம். பெரும்பாலும் கடன்பட்டுத் தேடிய மூலதனம். 1950-களின் தொடக்கத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் படகுகளுக்கு இயந்திரம் பொருத்தத் தொடங்கியது முதல், படகு, இயந்திரம், வலை ஆகியவற்றுக்கு அரசு தொடர்ந்து நிதி வழங்கி வந்துள்ளது. ஆயினும், அம்மூலதனத்தை ஓரிடத்தில் நிறுத்திக் காக்கும் நங்கூரம் போதிய கவனத்தைப் பெறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மானியம் பெற்ற படகுகளின் ஆய்வுப் பட்டியல் ஒன்றைப் பார்வையிட நேர்ந்தது. எல்லாப் படகுகளுக்கும் நேராக "நங்கூரம்: உண்டு" என எழுதப்பட்டிருந்தது. சிலவற்றுக்கு எடையும் குறிக்கப்பட்டிருந்தது. கயிற்றின் நீளத்தைக் குறிக்கவோ, படகு எத்தகைய கடலடியில் நிற்கும் என்பதைக் குறிக்கவோ இடமே இல்லை. பார்வையிட்ட நானும் அன்று அதைக் கேட்கவில்லை.

எடையும் பிடிப்பும்

நங்கூரம் தன் எடையால் மட்டுமே படகை நிறுத்துகிறது என்பது பரவலான கருத்து. கல் நங்கூரத்துக்கு இது பெருமளவு பொருந்தும். அலகுகள் கொண்ட நங்கூரமோ மண்ணுள் புதைந்து, அம்மண்ணின் எதிர்ப்பினால் படகைத் தாங்குகிறது. எனவே இழுவிசை தரையை ஒட்டிக் கிடையாக அமைய வேண்டும். கயிறு மேல்நோக்கி இழுத்தால் அலகு பெயர்ந்துவிடும். காற்றின் வேகம் இருமடங்கானால் படகின் மீது அதன் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அமைதியான நாளில் போதுமானதாகத் தோன்றும் நங்கூரம் புயல் நாளில் கைவிடுவது இதனாலேயே.

கடலடியும் நங்கூர வகையும்

மணலுக்கும் சேற்றுக்கும் அகன்ற தட்டை அலகுகள் கொண்ட நங்கூரம் ஏற்றது. எடை குறைவாயினும் பிடிப்பு மிகுதி. 1933-ல் ஆங்கில அறிவியலறிஞர் ஜெஃப்ரி டெய்லர் வகுத்த கலப்பை வடிவ நங்கூரம், படகு காற்றுக்கேற்பத் திரும்பும்போதும் மண்ணைவிட்டு எளிதில் வெளிப்படாது. நான்கு கொக்கிகள் கொண்ட நங்கூரம் பாறையிடுக்கில் பற்றும். சேற்றில் அதன் பிடி குறைவு. பாறையில் சிக்கினால் மீட்பதற்கு, அதன் அடிப்பகுதியில் மிதவையுடன் கூடிய தனிக் கயிறு கட்டுவது நலம். மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, லட்சத்தீவு போன்ற இடங்களில் பவளப்பாறைகளின் மீது நங்கூரமிடுதல் கூடாது. மீன்வளத்தின் உறைவிடத்தை அழிப்பது மூலதனத்தை அழிப்பதற்கு ஒப்பாகும்.

கயிற்றுக் கணக்கு

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே சில மீட்டர் சங்கிலி இருத்தல் வேண்டும். அது இழுவிசையைத் தரையோடு தாழ்த்தும். கயிறு தேய்வதையும் தடுக்கும். கயிறு நைலானாக இருப்பின் அதன் நெகிழ்ச்சி அலையின் உலுக்கலைத் தாங்கும். பாலிப்ரொப்பிலீன் கயிறு விலை குறைந்தது. ஆனால் மிதக்கும் இயல்புடையதாதலால் உந்துவிசிறியில் சிக்கக்கூடும்.

கயிற்றின் நீளம், உயர்வேற்றத்தின்போது உள்ள நீரின் ஆழத்துடன் அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் 5 முதல் 7 மடங்கு வரை இருத்தல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தாழ்வேற்றத்தில் ஆழம் 4 மீட்டர், அணியத்தின் உயரம் 1 மீட்டர் எனில் கூட்டுத்தொகை 5. ஏழு மடங்காக 35 மீட்டர் கயிறு விடப்படுகிறது. சென்னைக் கரையில் நீர்மட்டம் சுமார் 1 மீட்டர் உயரும்போது கூட்டுத்தொகை 6. கயிறு அதைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு. குறைவில்லை. குஜராத்தின் பாவ்நகரை அடுத்த கடலில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் சுமார் 10 மீட்டர். அங்குக் கூட்டுத்தொகை 15 ஆகிவிடும். அதே 35 மீட்டர் கயிறு இரண்டரை மடங்குக்கும் குறைவு. மாலையில் உறுதியாக நின்ற படகு நள்ளிரவில் நகரத் தொடங்கும். அங்குத் தேவைப்படுவது 105 மீட்டர். ஒரே நங்கூரம், ஒரே படகு; இடம் மாறினால் கயிற்றின் தேவை மும்மடங்காகிறது.

இடும் முறை

காற்றையோ நீரோட்டத்தையோ எதிர்நோக்கிச் சென்று படகை நிறுத்துக. நங்கூரத்தை வீசாமல் மெல்ல இறக்குக. படகு பின்னோக்கி நகர நகரக் கயிற்றை விடுக. முழு நீளமும் சென்றபின் அணியத்தில் கட்டி, இயந்திரத்தை மெதுவாகப் பின்னோக்கி இயக்கி அலகைப் புதையச் செய்க. கரையிலுள்ள கலங்கரை விளக்கம், கோபுரம் போன்ற இரு அடையாளங்களைக் குறித்துக்கொள்க. அவற்றின் நிலை தொடர்ந்து மாறினால் நங்கூரம் இழுபடுகிறது என அறியலாம். கயிற்றில் கை வைத்தால் உணரப்படும் அதிர்வும் அதற்கு அறிகுறி. நீண்ட கயிற்றில் படகு பெரு வட்டமாகச் சுழலும். ஆகவே அண்டைப் படகுகளுக்கு இடம் விட வேண்டும்.

செய்யத்தக்கது

கூடுதல் கயிற்றுக்கும் சங்கிலிக்கும் ஆகும் செலவு, படகின் விலையில் மிகச் சிறு பகுதியே. அச்சிறு தொகையைச் சேமித்து முழு மூலதனத்தையும் இடருக்கு உள்ளாக்குவது சிக்கனமாகாது. படகு போனபின்னும் கடன் தவணை நிற்பதில்லை. எனவே ஆய்வுப் பட்டியலில் நங்கூரத்தின் வகை, சங்கிலி, கயிற்றின் நீளம், அவ்விடத்து ஏற்றத்தின் அளவு ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். "உண்டு" என்னும் ஒரு சொல் படகைக் காக்காது.