பின்னத்தைக் கையால் படிப்பிப்போம்: ஆரம்ப வகுப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடைக்குப் போய் அரை இறாத்தல் பாணும் கால் கிலோ சீனியும் சரியாக வாங்கிவரும் பிள்ளை, கொப்பியில் 1/2, 1/4 என்று கண்டதும் திகைத்துப்போகும். பின்னம் அதற்குத் தெரியும், எழுத்துத்தான் புதிது. சாவகச்சேரியில் கிடைக்கிற பொருள்களை வைத்தே இந்த இடைவெளியைக் கடப்போம்.

எந்த வரிசையில் போகிறோம்?

முதலில் கை, அடுத்து படம், கடைசியில் எழுத்து. உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் எடுத்துச்சொன்ன வரிசையும் இதுதான். முதல் மூன்று படிகள் முடியும்வரை கரும்பலகையில் 1/2 என்று எழுதவேண்டாம். “இரண்டில் ஒன்று”, “நான்கில் மூன்று” என்று வாயால் சொல்லவைப்போம்.

என்ன தேவை? எவ்வளவு செலவு?

பழைய பேப்பர், கத்தரிக்கோல், அடிமட்டம், கலர்ப் பென்சில், இரண்டு வெள்ளை பிரிஸ்டல் போட். போட்டுக்கு மட்டுமே காசு. 500 ரூபாய்க்குள் ஒரு வகுப்புக்கே முடித்துவிடலாம்.

படி 1: பங்கிடுவோம்

ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வழக்கம்போல இரண்டு கன்னமும் கொட்டையுமாக வெட்டுவோம். துண்டு மூன்று, ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்றா? கொட்டைத்துண்டு கிடைத்த பிள்ளையே பதில் சொல்லிவிடும். பங்குகள் சமமாக இருந்தால்தான் பின்னம்.

நுங்குக் காலமென்றால் மூன்று கண்ணுள்ள நுங்கு ஒன்றை எடுப்போம். ஒரு கண்ணைத் தோண்டினால் மூன்றில் ஒன்று தீர்ந்தது, மூன்றில் இரண்டு மிச்சம். இரண்டு கண்ணுள்ள நுங்கு வந்தாலும் நல்லதே: அங்கே ஒரு கண் பாதியாகிவிடும்.

படி 2: மடிப்போம்

பேப்பரை ஒருமுறை மடித்தால் 2 பங்கு. தொடர்ந்து மடிக்க 4, 8, 16. ஒவ்வொரு தடவையும் விரித்து எண்ணவைப்போம். பங்கு கூடக்கூடத் துண்டு சிறுப்பதைக் கண் பிடித்துக்கொள்ளும்.

அந்த 16 கட்டத்தை ஓர் ஏக்கர் காணி என்போம். ஒரு கட்டம் ஒரு பரப்பு. நான்கு பரப்பில் தென்னை, எட்டுப் பரப்பில் மா என்று கலர் தீட்டட்டும். தென்னைக்குக் கால் ஏக்கர், மாவுக்கு அரை ஏக்கர். மிச்சம் எவ்வளவு என்று கேட்போம்.

படி 3: கீலம் வெட்டுவோம்

போட்டில் 24 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் ஆறு கீலங்கள். ஒன்றை முழுதாக வைத்து, மற்றவற்றை 12, 8, 6, 4, 3 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 2, 3, 4, 6, 8 பங்குகள் வரும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு கலர். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு தொகுதி போதும்.

பாதித் துண்டின் கீழே கால் துண்டு இரண்டை அடுக்கினால் சரியாகப் பொருந்தும். ஆறில் மூன்றும் எட்டில் நான்கும் அப்படியே. சமவலுப் பின்னம் இப்படித்தான் அறிமுகமாகட்டும்.

படி 4: எழுதுவோம்

அடுக்கியதைப் பார்த்துக் கொப்பியில் படம் கீறி, பக்கத்தில் எண் எழுதுவோம். கீழே இருப்பது பகுதி: முழுதை எத்தனையாகப் பிரித்தோம். மேலே இருப்பது தொகுதி: அதில் எத்தனை எடுத்தோம்.

கவனம்!

4ஐ விட 8 பெரிது, ஆகவே 1/4ஐ விட 1/8 பெரிது என்று பிள்ளை நினைக்கும். திருத்தவேண்டாம், இரண்டு துண்டையும் கையில் கொடுப்போம்.

1/2 + 1/3 = 2/5 என்று எழுதினால், 2/5 பாதியைவிடச் சிறிது என்று காட்டுவோம். பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தபிறகு எப்படிக் குறையும்?

ஒப்பிடும்போது முழுது ஒன்றாகவே இருக்கவேண்டும். பெரிய ரொட்டியின் பாதியும் சின்ன ரொட்டியின் பாதியும் சமனாகாது.

எவ்வளவு காலம்?

இரண்டு வாரம் ஒதுக்குவோம். படி 3க்கு மட்டும் ஒரு வாரம். அவசரப்பட்டால் பிறகு கூட்டல் வரும்போது திரும்பிவரவேண்டியிருக்கும். பிள்ளை தானாகவே கீலத்தைத் தள்ளிவைத்துவிட்டு விடை சொல்லும்போது, அடுத்த பாடத்துக்குப் போகலாம்.