கீழறையில் குடியேறும் முன்: முதலில் ஈரம், பிறகு குளிர்



நம் நீலகிரியில் சமதளமான மனை கிடைப்பது அரிது. சரிவில் முன்பக்கத்தை உயர்த்திக் கட்டுவதால் பல வீடுகளுக்கு அடியில் ஓர் இடம் மிஞ்சுகிறது. ஒரு பக்கம் மண், மறு பக்கம் வெளிச்சம். விறகும் பழைய சாமான்களும் போட்டு வைப்போம். மகனுக்குத் திருமணம் என்றாலோ, வயதான தாயார் உடன் வந்துவிட்டாலோ, அதையே அறையாக்கினால் என்ன என்று தோன்றும். வீட்டுச் சீரமைப்பு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் இத்தகைய கீழறைகளும் உண்டு.

இதில் நாங்கள் ஒருமுறை தவறு செய்தோம். ஒரு குடும்பத்துக்குக் கோடையில் உதவி வழங்கினோம். தரைக்கு டைல்ஸ், சுவருக்குச் சிமென்ட் பூச்சு, பெயின்ட் என அறை பளிச்சென்று இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் பெயின்ட் கொப்புளித்தது, டைல்ஸ் பெயர்ந்தது, மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் படர்ந்தது. அங்கே படுத்த பாட்டிக்கு இளைப்பு அதிகமானது. குளிர் தாங்காமல் இரவில் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று பிறகு அறிந்தபோது நடுங்கிவிட்டோம். அல்லாஹ் காப்பாற்றினான். நீங்கள் தந்த சதக்கா எங்களிடம் உள்ள அமானிதம். அதை ஈரச் சுவரின் மேல் பூசி வீணாக்கினோம். அதில் கற்றதை இங்கே வரிசையாகத் தருகிறோம்.

1. ஈரம் எங்கிருந்து வருகிறது?

மழை நாளில் சோதிக்க வேண்டும். சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளில் ஓர் அடிச் சதுரம் வெட்டி, சுவரிலும் தரையிலும் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நனைந்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் துளிர்த்திருந்தால், அறையின் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

2. வேலை வெளியே தொடங்க வேண்டும்

கூரைத் தண்ணீரைக் குழாயில் பிடித்துத் தூரமாக விடுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள தரை, வீட்டிலிருந்து விலகும் திசையில் 10 அடிக்கு 6 அங்குலம் சரியட்டும். மேட்டுப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் நீர் சுவரைத் தொடும் முன்பே திருப்பிவிடுங்கள். அந்தத் தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் வாசலில் விழக்கூடாது. அண்டை வீட்டாரின் ஹக் இதிலும் இருக்கிறது. பொது வடிகாலில்தான் சேர்க்க வேண்டும்.

தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைச் சிலர் சிமென்ட் வைத்து அடைக்கிறார்கள். இது பெரும் ஆபத்து. சுவருக்குப் பின்னால் 2 மீட்டர் உயரம் தண்ணீர் தேங்கினால், சுவரின் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் அழுத்தம் சேரும். 2009 நவம்பர் மழையின்போது நம் மாவட்டத்தில் மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க வேண்டாம். தண்ணீருக்கு வழி விடுங்கள்.

3. தரை

உயரம் போதவில்லை என்று தோண்ட நினைப்பவர்கள் முதலில் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்தை நெருங்கித் தோண்டினால் மேல்வீடே இறங்கிவிடும். மலைப்பகுதியில் மண் வெட்ட அனுமதியும் தேவை. பிறகு மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, 4 அங்குலம் ஜல்லி, அதன் மேல் மெல்லிய மணல், அதன் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட். ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறி, டேப் ஒட்டியிருக்க வேண்டும். சுவரோரம் அரை அடி மேலே மடங்க வேண்டும். அதன் மேல் 4 அங்குலம் கான்கிரீட். ஷீட் கிழிந்தால் செய்ததெல்லாம் வீண்; கொத்தனார் அருகில் நின்று பாருங்கள்.

4. சுவரும் குளிரும்

ஈரச் சுவரில் டைல்ஸ் ஒட்டுவது ஈரத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது. ஒரு மழைக்காலம் முழுதும் சுவர் காய்ந்து நின்ற பிறகே குளிர் தடுக்கும் பலகை வைக்கலாம். தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும். அதை வெறுமனே விடாமல் சிமென்ட் போர்டால் மூட வேண்டும். கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

5. காற்று

மூச்சிலும் வியர்வையிலும் ஒருவரிடமிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகிறது. எனவே எதிரெதிரே இரண்டு காற்றுவழிகள் எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஜன்னலை மூடுபனி நேரத்தில் சாத்தி, வெயில் ஏறியதும் திறங்கள். ஈரத் துணியை உள்ளே காயப்போடாதீர்கள்.

6. உயிர்க் காரியங்கள்

கரி அடுப்பு, கணப்புச் சட்டி எதையும் உள்ளே வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கேஸ் சிலிண்டரும் கீழறையில் வேண்டாம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கிக் காத்திருக்கும். மின் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவு காப்பான் பொருத்துங்கள். கதவைத் தவிர, ஆள் வெளியேறும் அளவு ஒரு ஜன்னலும் இருக்கட்டும்.

இனி கீழறைக்கான உதவியை இரு தவணையாகத் தருவதென முடிவு செய்திருக்கிறோம். முதல் தவணை வடிகாலுக்கும் தரைக்கும். ஒரு மழைக்காலம் கழித்து நாங்கள் வந்து அலுமினியத் தாளை ஒட்டிப் பார்ப்போம். காய்ந்திருந்தால் இரண்டாம் தவணை. காயவில்லை என்றால் அது விறகு வைக்கும் இடமாகவே இருக்கட்டும். தாயாருக்கு மேல்வீட்டில் ஒரு மூலை ஒதுக்குங்கள். காத்திருக்கச் சொல்வதில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம். அந்தப் பாட்டியின் இளைப்புச் சத்தத்தை நாங்கள் நேரில் கேட்டோம் என்பதால்தான் சொல்கிறோம்.

கோடை முடிவதற்குள் விண்ணப்பிப்பவர்களின் வீட்டை இன்ஷா அல்லாஹ் நேரில் வந்து பார்ப்போம். வஸ்ஸலாம்.