எல்லோருக்கும் பால், உனக்கு மட்டும் டிகாஷனா?

பிள்ளைக்கு ஒரு டம்ளர், வீட்டுக்காரருக்கு ஒரு டம்ளர், மாமியாருக்கு அரை டம்ளர் என்று ஊற்றிவிட்டு, பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதில் டீ போட்டுக் குடிக்கிறாயே, முதலில் அதை நிறுத்தும்மா. எலும்புத் தேய்மானம் வலியோடு சொல்லிக்கொண்டு வராது. பாத்ரூமில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியதும் மணிக்கட்டு முறியும், அப்போதுதான் தெரியும். எலும்பு பலம் சேர்வதெல்லாம் ஏறக்குறைய 30 வயது வரைதான். மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் அது வேகமாகக் குறையும். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சின்ன வயதிலேயே எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு அப்போதே ஆரம்பித்துவிடும்.

நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு 1,200. அதற்குத் தனிச் சமையல் ஒன்றும் வேண்டாம்.

1. பால் 200 மில்லியில் சுமார் 240 மில்லிகிராம் கிடைக்கும். பிடிக்காதா, கெட்டித் தயிர் சாப்பிடு. தண்ணீராக விளாவிய மோரைப் பால் கணக்கில் சேர்க்காதே.

2. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடக் கிடையாது. வாரத்தில் நாலு நாள் காலையில் கேழ்வரகு தோசையோ கூழோ இருக்கட்டும். மாவைப் புளிக்கவைத்தால் சத்து இன்னும் நன்றாக உடம்பில் சேரும்.

3. இட்லிப் பொடி அரைக்கும்போது கறுப்பு எள்ளைத் தாராளமாகப் போடு. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியம் பெருமளவு போய்விடும்.

4. பாலக்கீரையை நம்பி இருக்காதே. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முருங்கைக்கீரைதான் நல்லது. தினமும் உருவ நேரமில்லையா, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உருவி நிழலில் உலர்த்திப் பொடித்து வை. சாம்பார், அடை எதில் வேண்டுமானாலும் ஒரு ஸ்பூன் போடலாம்.

5. மீன் சாப்பிடுகிறவள் என்றால் சின்ன நெத்திலியை முள்ளோடு சாப்பிடு.

6. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே தட்டில் வேண்டாம். உப்பு கூடினால் கால்சியம் சிறுநீரில் போய்விடும்.

7. கால்சியம் மாத்திரையை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்குவதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. இரண்டில் ஒன்றைக் காலையில், மற்றதை இரவில் போடு. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடு. கிட்னியில் கல் வந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைத் தொடாதே.

8. வைட்டமின் டி இல்லாவிட்டால் தின்ற கால்சியம் சரியாக உடம்பில் சேராது. 11 மணிக்கு மேல் மொட்டைமாடியில் துணி காயப்போடு, கையில் வெயில் படட்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது.

9. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறதா? மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாயா? உயரம் குறைந்தது போல் இருக்கிறதா? அப்படியானால் சாப்பாடு மட்டும் போதாது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேள். ஊசி கிடையாது, வலி கிடையாது, சும்மா படுத்திருந்தால் போதும்.