இரண்டு டேட்டாபேஸ்கள் ஒன்றுதானா? கிட் மூலம் கண்டுபிடிப்போம்

டேட்டாபேஸ், வெர்ஷன் கன்ட்ரோல் என்றதும், பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட டைடல் பார்க்கில் வேலை செய்பவர்களுக்கான விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் கடையில் ஒரு லேப்டாப்பும் வைத்திருப்பவருக்கும் இது பயன்படும்.

பட்டாபிராமில் ஒரு தண்ணீர் கேன் கடைக்கு எஸ்கியூலைட் டேட்டாபேஸில் கணக்கு அமைத்துக் கொடுத்துள்ளேன். தினசரிக் கணக்கு கடை லேப்டாப்பில் பதிவாகிறது. புதிய வசதிகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் சோதிப்பேன். வீட்டு ஃபைலில் "முன்பணம்" என்று ஒரு காலம் சேர்த்தேன் என வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபைலை அப்படியே கடை லேப்டாப்பில் காப்பி செய்தால், கடையில் பதிவான கணக்கெல்லாம் அழிந்துவிடும். எனவே அமைப்பில் உள்ள வித்தியாசத்தை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். இந்த அமைப்பைத்தான் ஸ்கீமா என்கிறோம். எந்த டேபிள், அதில் எந்தக் காலங்கள் போன்ற விவரங்கள் மட்டுமே ஸ்கீமாவில் இருக்கும்.

தேவையானவை இரண்டு இலவச சாஃப்ட்வேர்கள். ஒன்று, டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட். மற்றொன்று, கிட் ஃபார் விண்டோஸ். கிட், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது.

செய்முறை

1. கடையில் கணக்கு புரோகிராமை மூடிவிட்டு, டேட்டாபேஸ் ஃபைலைப் பென் டிரைவில் காப்பி எடுங்கள்.

2. வீட்டில் அதை டிபி பிரவுசரில் திறந்து, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், டேட்டாபேஸ் டு எஸ்கியூஎல் ஃபைல் தேர்வு செய்யுங்கள். வரும் விண்டோவில் "எக்ஸ்போர்ட் ஸ்கீமா ஒன்லி" என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு புதிய ஃபோல்டரில் சேமியுங்கள்.

3. கிட் ஜியூஐ-யைத் திறந்து, "கிரியேட் நியூ ரெபாசிட்டரி" மூலம் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். எடிட் மெனுவின் ஆப்ஷன்ஸில் உங்கள் பெயரையும் இ-மெயிலையும் கொடுங்கள்.

4. ஃபைல் பெயரின் அருகிலுள்ள ஐகானைக் கிளிக் செய்து, "கடை ஸ்கீமா" என்று குறிப்பு எழுதி, கமிட் பட்டனை அழுத்துங்கள்.

5. இப்போது வீட்டு டேட்டாபேஸின் ஸ்கீமாவையும் அதே ஃபைல் பெயரில், பழையதன் மேலேயே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கிட் ஜியூஐ-யில் ரீஸ்கேன் அழுத்தி, ஃபைல் பெயரைக் கிளிக் செய்யுங்கள்.

பச்சை வரிகள் வீட்டு ஃபைலில் மட்டும் இருப்பவை. சிவப்பு வரிகள் கடை ஃபைலில் மட்டும் இருப்பவை. "முன்பணம்" பச்சையில் தெரியும். ஒரு கமா, மேற்கோள் குறி அல்லது இடைவெளி மாறினாலும் கிட் அதை வித்தியாசமாகவே காட்டும். அதனால் நிறத்தைப் பார்த்துப் பதறாமல் வரியைப் படியுங்கள்.

வித்தியாசம் சரிதான் என்றால் "முன்பணம் சேர்ப்பு" என்று கமிட் செய்யுங்கள். பிறகு கடை ஃபைலுக்கு ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டு, அதில் அந்தக் காலத்தை மட்டும் டிபி பிரவுசரின் மாடிஃபை டேபிள் மூலம் சேர்த்து, ரைட் சேஞ்சஸ் அழுத்துங்கள். கடை ஸ்கீமாவை மறுபடி அதே பெயரில் எக்ஸ்போர்ட் செய்து ரீஸ்கேன் கொடுங்கள். எந்த ஃபைலும் பட்டியலில் வரவில்லை என்றால் இரண்டும் ஒன்றே.

கவனிக்க: டேட்டாபேஸ் ஃபைலையே ரெபாசிட்டரியில் போடாதீர்கள். அது பைனரி ஃபைல் என்பதால் வித்தியாசத்தை வரிவரியாகப் பார்க்க முடியாது. மேலும், ரெபாசிட்டரியை இன்டர்நெட்டில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றினால் வாடிக்கையாளர்களின் போன் நம்பர்கள் வெளியே போய்விடும். ஸ்கீமாவில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் ஸ்கீமா கணக்குக்கான பேக்கப் ஆகாது. அதைத் தனியே எடுத்து வையுங்கள்.