பாலர் ஆசிரியைக்கு நீதியான வேதனம்

குடும்பங்கள் கூடிப் படிப்பதற்கு

ஏறாவூர்ப் பகுதியில் காலை எட்டு மணிக்குப் பாலர் பாடசாலை தொடங்கினால், பதினொன்றரை மணியளவில் பிள்ளைகள் வீடு திரும்பிவிடுவார்கள். "மூன்றரை மணி நேர வேலைதானே, ரீச்சருக்கு எதற்குப் பெரிய சம்பளம்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. பிள்ளைகள் வருமுன் கூட்டித் துடைப்பது யார்? அழும் பிள்ளையைத் தேற்றி, மலசலகூடத்துக்குக் கூட்டிச் சென்று, கை கழுவி, உணவூட்டுவது யார்? மறுநாள் பாடத்துக்கு வீட்டிலிருந்து மட்டை வெட்டிப் படம் ஒட்டுவது யார்? அந்த மணித்தியாலங்களை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாலர் பாடசாலையில் 20 பிள்ளைகள். மாதக் கட்டணம் 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் தவறாது கட்டினாலும் சேர்வது 10,000 ரூபா. இரண்டு ஆசிரியைகள் பகிர்ந்தால் ஆளுக்கு 5,000. 2025 வரவுசெலவுத் திட்டம் அரசின் மாதக் கொடுப்பனவை 2,500 ரூபாவிலிருந்து 1,000 ரூபாவால் கூட்டியது. அதையும் சேர்த்தால் 8,500 ரூபா. அதே ஆண்டில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக்கப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குகூட இவருக்குக் கிடைக்கவில்லை.

கட்டணத்தைக் கூட்டலாமா? மீன்பிடியும் வயற்கூலியும் நம்பிய வீடுகள் முதலில் பிள்ளையை மறித்துவிடும். பாலர் கல்வி மிகத் தேவைப்படும் பிள்ளையே வெளியில் நிற்கும். ஆகவே பெற்றோரின் கட்டணத்தால் மட்டும் இந்தக் குறை தீராது. பொதுப் பணம் வரவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் பாலர் பாடசாலை நிர்வாகத்தை மேற்பார்வை செய்யும் பொறுப்பை மாகாண சபைகளுக்குக் கொடுத்தது. மேற்பார்வை செய்பவர் வேதனத்தையும் பார்க்கவேண்டும் அல்லவா?

முதுமைக்கும் பாதுகாப்பில்லை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களையே கட்டுப்படுத்துகிறது. ஓரிரு ஆசிரியைகள் உள்ள பாலர் பாடசாலை அதற்குள் வராது. இருபது வருடம் கற்பித்தவரும் வெறுங்கையுடன் வீடு செல்ல நேரிடுகிறது.

அயல்நாடான இந்தியாவில் அங்கன்வாடிப் பணி 1975இல் தொடங்கியது. அங்கும் பணியாளர்களைத் தொண்டர்கள் என்றே அழைத்து, சம்பளம் என்னாது மதிப்பூதியம் என்றே கொடுத்துவந்தார்கள். குஜராத்துப் பணியாளர்கள் தொடர்ந்த வழக்கில், அவர்களுக்கும் பணிக்கொடை உரியது என்று 2022 ஏப்பிரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் எதுவானாலும் செய்வது வேலை என்பதே அதன் சாரம்.

"அவர் விரும்பித்தானே வருகிறார்" என்று நாம் சமாதானம் சொல்லலாம். 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தமது சுற்றுமடலில் இதற்கு மறுமொழி தந்துள்ளார். இருவரும் இணங்கிய கூலி என்பதால் மட்டும் அது நீதியான கூலி ஆகிவிடாது; சிக்கனமாக வாழும் உழைப்பாளி சீவிக்க அது போதவேண்டும் என்பது அவர் போதனை. பங்கோ சங்கமோ நடத்தும் பாலர் பாடசாலைக்கும் இது பொருந்தும். தொண்டு என்பது கொடுப்பவர் மனமுவந்து செய்வது. அதை மற்றவரிடம் கேட்டு வாங்கி, கூலியைக் குறைப்பது தொண்டாகாது.

நாம் செய்யக்கூடியவை சில. கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் கட்டுவோம். வசதியுள்ளவர்கள் ஓர் ஏழைப் பிள்ளையின் பங்கையும் கட்டுவோம். ஆசிரியைக்கு நியமனக் கடிதமும், சம்பளத்துடன் விடுமுறையும், சுத்தமான மலசலகூடமும் உண்டா என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்போம். கொடுப்பனவை உயர்த்தும்படி பெற்றோர் எல்லோரும் கையெழுத்திட்டு மாகாண அதிகாரிகளுக்கு எழுதுவோம். ஆசிரியைகள் தனியே கேட்டால் அது முறைப்பாடு. பெற்றோரும் சேர்ந்தால் அது ஊரின் கோரிக்கை.

கலந்துரையாட:
1. நம் பிள்ளையின் ஆசிரியைக்கு மாதம் என்ன கிடைக்கிறது என்று நமக்குத் தெரியுமா?
2. அந்தத் தொகையில் நம் வீடு எத்தனை நாள் ஓடும்?
3. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை யார் எழுப்புவது?