வளர்க்கக் கொடுக்கலாம், வம்சத்தை மாற்றலாகாது

ஒரு வீட்டில் அக்காவுக்கு ஐந்தாவது பிரசவம், பெண் குழந்தை. தங்கைக்கு நிக்காஹ் ஆகிப் பத்து ஆண்டுகள் கழிந்தும் பிள்ளைப் பாக்கியம் இல்லை. ஆஸ்பத்திரியிலேயே குழந்தையைத் தங்கையின் மடியில் வைத்து, "இனி இது உன் பிள்ளை" என்று சொல்லி விடுகிறாள் அக்கா. பிறப்புப் பதிவில் தங்கை கணவரின் பெயர் தகப்பனார் பெயராக எழுதப்படுகிறது. "பிள்ளைக்கு ஒரு நாளும் தெரியக் கூடாது" என்று பெரியவர்கள் எல்லோரிடமும் வாக்கு வாங்கிக் கொள்கிறார்கள்.

நம் ஊர்களில் இது புதிதல்ல. செய்கிறவர்களின் எண்ணமும் நல்லெண்ணமே. ஆயினும் இதில் ஷரீஅத் அனுமதிப்பது எது, தடுப்பது எது என்று பிரித்தறிவது நம்மீது கடமையாகும்.

கொடுப்பது குற்றமா?

பெற்ற பிள்ளையைப் பிறர் கையில் ஒப்படைப்பது எந்தத் தாய்க்கும் எளிதல்ல. மூஸா (அலை) அவர்களின் தாயார், பிர்அவ்னுக்கு அஞ்சிப் பிள்ளையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட வரலாற்றைத் திருக்குர்ஆனின் 28-வது அத்தியாயம் கூறுகிறது. அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனதையும், அல்லாஹ் அதை உறுதிப்படுத்தியதையும், பாலூட்டும் தாயாகவே பிள்ளை அவரிடம் திரும்பி வந்ததையும் அங்கே காண்கிறோம். பிர்அவ்னின் அரண்மனையில் வளர்ந்தும் மூஸா (அலை) அவர்கள் தம் தாயின் மகனாகவே இருந்தார்கள். ஆகவே, இயலாமையால் அல்லது குழந்தையின் நலன் கருதி, நம்பகமான கைகளில் வளர்க்கக் கொடுக்கும் தாயை ஏசுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

வாங்கி வளர்ப்பதோ பெரும் நன்மை. அநாதையை ஆதரிப்பவரும் தாமும் சுவர்க்கத்தில் இரு விரல்களைப் போல் நெருங்கியிருப்போம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக ஸஹீஹுல் புகாரியில் வந்துள்ளது.

தடுக்கப்பட்டது எது?

ஜைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்னரே மகனாக ஏற்று வளர்த்தார்கள். மக்கள் அவரை 'ஜைது இப்னு முஹம்மத்' என்றே அழைத்தனர். பின்னர் 33-வது அத்தியாயத்தின் 4, 5 ஆம் வசனங்கள் இறங்கின. வாயால் சொல்லுவதால் ஒருவர் மகனாகி விட மாட்டார். அவரவர் தகப்பனாரின் பெயராலேயே அழைக்க வேண்டும். தகப்பனார் யாரென அறியாவிடில் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்பது அவற்றின் கருத்து. அன்று முதல் அவர் ஜைது இப்னு ஹாரிஸாவானார். ஆனால் அன்பு ஓர் அணுவளவும் குறையவில்லை. ஸஹாபாக்களில் குர்ஆனில் பெயர் கூறப்பட்ட ஒரே பெருமகனார் அவரே. ஹிஜ்ரி 8-ல் மூத்தா போரில் படைத் தலைவராக நின்று ஷஹீதானார்.

பெயர் மாறிற்று, பாசம் மாறவில்லை. ஷரீஅத் நம்மிடம் கேட்பதும் இதுதான்.

மறைத்தால் என்ன கேடு?

முதலில் சொன்ன வீட்டுக்கே திரும்புவோம். இருபது ஆண்டுகள் செல்கின்றன. வாக்குக் கொடுத்த பெரியவர்கள் மௌத்தாகி விட்டார்கள். சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்யும் வழக்கமுள்ள குடும்பம். "அக்கா மகனுக்குத் தங்கை மகளைக் கேட்கலாமே" என்று யாரோ பேச்செடுக்கிறார்கள். அவ்விருவரும் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தங்கை என்பதை எடுத்துச் சொல்ல எவருமில்லை! நினைக்கவே உள்ளம் நடுங்கவில்லையா?

மஹ்ரம் மஸ்அலா

வளர்த்ததால் மட்டும் எவரும் மஹ்ரமாகி விட மாட்டார்கள். ஆண் குழந்தையைத் தாயின் சகோதரி வளர்த்தால் அவள் மஹ்ரமே. சாச்சாவின் மனைவி வளர்த்தால் அவள் மஹ்ரம் அல்ல. பெண் குழந்தைக்குத் தகப்பனின் சகோதரர் மஹ்ரம்; தாயின் சகோதரியுடைய கணவர் அல்ல.

இதற்கு அல்லாஹ் வைத்த வழி பால்குடி உறவு. மேற்சொன்ன பெண் குழந்தைக்குத் தங்கை கணவரின் உடன்பிறந்தாள் பாலூட்டினால், அவர் அக்குழந்தைக்குப் பால்வழித் தாய்மாமன் ஆகி விடுவார். இரண்டு வயதுக்குள் ஊட்ட வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் ஐந்து தடவைகள் தேவை. ஹனபி மத்ஹபில் ஒரு தடவையே போதும். பாலூட்டியவளின் பிள்ளைகள் அக்குழந்தைக்கு உடன்பிறந்தவர் போலாகி விடுவதால், அவர்களுடன் நிக்காஹ் கூடாது. ஆகவே யார் ஊட்டினார், எப்போது ஊட்டினார் என்பதைச் சாட்சிகளுடன் எழுதி வையுங்கள்.

சொத்துரிமை

வளர்ப்புப் பிள்ளை என்ற உறவால் மட்டும் வாரிசுப் பங்கு கிடையாது. ஆனால் பெற்றவர்களின் சொத்தில் அதன் பங்கு சிறிதும் குறையாது. வளர்த்தவர் தம் வாழ்நாளில் ஹிபாவாகக் கொடுக்கலாம். வாரிசல்லாத பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத்தும் செய்யலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று இதைத் தள்ளிப் போட வேண்டாம்.

நாட்டுச் சட்டம்

பிறப்புப் பதிவில் பொய் எழுதுவது மார்க்கத்திலும் குற்றம், சட்டத்திலும் குற்றம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்படி, வம்சத்தை மாற்றாமலே நீதிமன்றத்தின் மூலம் காப்பாளராகலாம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம். எனினும் அது கட்டாயமல்ல என்பதை முந்தைய சட்டத்தைப் பற்றிய 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தி விட்டது.

ஆதரவற்ற தாய் தன் குழந்தையை வளர்க்க இயலாவிடில், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. 1098 என்ற தொலைபேசி எண்ணில் உதவி கேட்கலாம். தமிழகத்தில் 1992 முதல் தொட்டில் குழந்தைத் திட்டமும் உள்ளது. பணத்துக்குக் குழந்தையைக் கைமாற்றுவதோ ஐந்தாண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம். தகப்பன் யாரென்று சொல்ல முடியாத குழந்தையாயினும் அதன்மீது பாவம் ஏதுமில்லை; எவருடைய பாவத்தையும் மற்றவர் சுமப்பதில்லை.

செய்ய வேண்டியது

சகோதரிகளே! அக்கா தன் குழந்தையைத் தங்கைக்குக் கொடுக்கட்டும், தடையில்லை. பதிவில் பெற்ற தகப்பனாரின் பெயர் இருக்கட்டும். பால்குடி உறவுக்கு உடனே வழி செய்யட்டும். விவரம் அறியும் வயது வந்ததும், "உன்னைப் பெற்ற உம்மா அவர், வளர்த்த உம்மா நான்" என்று தங்கை மடியில் அமர்த்திச் சொல்லட்டும். பிறர் வாயால் திடீரென்று கேட்டு மனம் உடைவதைவிட, சிறு வயதிலேயே அன்போடு அறிந்து வளர்வது பிள்ளைக்கு நலம். அதனால் அப்பிள்ளை எதையும் இழப்பதில்லை. இரு வீட்டின் துஆவும் அதற்குக் கிடைக்கிறது.

அல்லாஹ் நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, அவர்களுடைய அமானிதத்தைச் சரிவர நிறைவேற்ற நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.