கழிவிரக்கமும் இறைபணியும்

செய்யத்தகாததனைச் செய்தமையும், செய்யத்தக்கதனைச் செய்யாது விட்டமையும் பின்னர் நினைவிற்கு வந்து நெஞ்சை வருத்துதல் மக்கள் யாவர்க்கும் பொதுவாம். ஈன்ற தாய் நோயுற்றுக் கிடந்த காலத்து, பொருளீட்டும் விருப்பால் வேற்றூரில் தங்கிவிட்ட மகன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் மீண்டு வந்தபொழுது தாய் இல்லை. பிழைபொறுக்குமாறு வேண்டுதற்கும் இடமில்லை. ஆண்டுகள் பல சென்ற பின்னரும், அந்தியில் விளக்கேற்றியவுடன் திண்ணையிலமர்ந்து, 'அன்றே சென்றிருப்பேனாயின்' என்று தன்னைத் தானே நொந்துகொள்கின்றான். அவனுக்கு நம் சித்தாந்தம் கூறும் விடை யாது? 'கழிந்ததனை மறந்துவிடு' என்பது விடையாகாது. மறத்தல் எளிதன்று, எளிதாயினும், குற்றத்தை மறந்தவன் அதனையே மீளவுஞ் செய்வான். ஆதலின் இதனை நூல்நெறி நின்று ஆராய்வாம்.

வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். முற்பிறவிகளில் ஈட்டப்பட்டுப் பயன் தாராது கிடப்பது சஞ்சிதம். அதனுள் இப்பிறவியில் நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம். அதனை நுகருங்கால் புதிதாக ஏறுவது ஆகாமியம். குதிரிற் கிடக்கும் நெல்லும், இலையிற் படைத்த சோறும், இன்று வயலில் விதைக்கும் வித்தும் போல்வன இவை. குதிரிற் கிடப்பது நம் கண்ணுக்குப் புலனாவதன்று. இலையில் வந்தது உண்டே கழியவேண்டும். கையிலுள்ள வித்து ஒன்றே இன்று நாம் கருதிச் செய்தற்குரியது.

இனி, வினையென்பது உடம்பாற் செய்வது மட்டுமன்று. மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் நிகழ்வது. ஆகவே, கழிந்த பிழையை நாடோறும் எண்ணியெண்ணிப் புழுங்குதலும் மனத்தால் இன்று செய்யும் ஒரு வினையே என்க. பழைய வினையைக் கழிப்பதாக அவன் கருதுகின்றான். உண்மையிலோ புதுவித்தை விதைக்கின்றான். அதன் பயனும் கண்கூடு. திண்ணையில் அவன் புழுங்கிக்கொண்டிருக்கும் அப்பொழுதே, உள்ளே முதுமையுற்ற தந்தையார் நீர் வேண்டி அழைத்து, விடை பெறாது ஓய்கின்றார். அன்று தாய்க்குச் செய்த பிழையே இன்று தந்தைக்கும் செய்யப்படுகின்றதன்றோ?

அற்றேல், இரங்குதல் முழுதும் தீதோ எனின், அன்று. இரக்கத்துள் இரண்டு கூறுகள் உள. 'இது பிழை' என்று அறிவது ஒன்று. 'யான் இங்ஙனஞ் செய்தேனே' என்று அச்செயலை விடாது பற்றிக்கொள்வது மற்றொன்று. முன்னையது அறிவு விளக்கம்; திருவருள் உள்நின்று உணர்த்த வருவது. பின்னையது யான் எனது என்னும் செருக்கின் வேறொரு வடிவம். தான் செய்த அறத்தை எண்ணிப் பெருமிதங் கொள்வானும், தான் செய்த மறத்தை எண்ணி ஓயாது மாழ்குவானும் தம்மையே பற்றி நிற்றலால் ஒருதன்மையரே. இருவினையொப்பு என்று நம் நூல்கள் கூறும் நிலைக்கு இவ்விரண்டும் தடையாம். அன்றியும், வினை அறிவற்றது. தானே வந்து பயன் தாராது. அதனைக் கூட்டுவிப்பவன் இறைவன். அவன் தரும் துன்பமும் நோய் நீக்கும் மருந்துபோன்ற மறக்கருணையேயாம். மருத்துவன் அளந்து கொடுத்த மருந்தின்மேல் நோயாளன் தானும் சிறிது நஞ்சைக் கலந்து உண்ணல் வேண்டுமோ?

இவ்வுண்மைக்குத் திருநாவுக்கரசு நாயனார் வரலாறே சான்று. ஏழாம் நூற்றாண்டினராகிய அவர், இளமையில் சமண் சமயம் புகுந்து தருமசேனர் என்னும் பெயர் பெற்றுப் பல்லாண்டு வாழ்ந்தார். பின்னர்ச் சூலைநோயால் வருந்தி, தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருவதிகை வீரட்டானத்தில் ஆட்கொள்ளப்பட்டார் என்பது சேக்கிழார் வாக்கால் அறியப்படும். கழிந்த நாள்களை எண்ணி அவர் இரங்கிய இடங்கள் அவர் திருப்பதிகங்களிற் பல உள. ஆயினும் அவ்விரக்கம் அவரை மூலையில் அமர்த்திற்றில்லை. கையில் உழவாரத்தைக் கொடுத்தது. திருக்கோயில்தோறும் சென்று, திருமுற்றத்து முளைத்த புல்லைச் செதுக்கினார். புல்லோ இன்று செதுக்க நாளை முளைக்கும். அப்பணிக்கு இன்றைய நாளே உரியது. திருப்புகலூரில் இறைவன் திருவடி அடையுங்காறும் அத்தொண்டினை அவர் விட்டாரல்லர். அவர் கண்ணீரும் பணியும் ஒருங்கே நடந்தன. இரக்கம் பணியாக மாறியமையே அவர் நமக்குக் காட்டிய நெறி.

மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் பத்தாவது, இறைவனோடு ஒன்றி அவன் பணியில் நிற்பார்க்கு மலமும் மாயையும் வினையும் பற்றறும் என்று உணர்த்துகின்றது. வினையை எண்ணிக்கொண்டிருப்பார்க்கு அது நீங்கும் என்று கூறாது, பணியில் நிற்பார்க்கு நீங்கும் என்று கூறியமை உற்றுநோக்கத்தக்கது.

ஆகவே, பிழை செய்தார் செய்யத்தக்கன இவை: பிழையைப் பிழையென்று ஒளியாது ஒப்புதல், தீங்குற்றார் உயிரோடிருப்பின், நாணத்தை விட்டு இன்றே சென்று பொறுக்க வேண்டுதலும் இழப்பை ஈடுசெய்தலும், அவர் இலராயின், அவர்க்குச் செய்யாத தொண்டைக் கண்முன் உள்ளார்க்குச் செய்தல், எஞ்சிய சுமையைத் திருவடியில் வைத்து ஐந்தெழுத்தை ஓதுதல். நினைவு மீளவும் வருமாயின் அஞ்சற்க. வந்த நினைவைப் பணிக்கு அழைக்கும் மணியோசையாகக் கொள்க.

திண்ணையில் இருக்கும் அன்பர் எழுக. உள்ளே தந்தையார் அழைக்கின்றார். ஒரு செம்பு நீரை அன்போடு எடுத்துச் சென்று கொடுப்பின், தாய்க்குச் செய்யாததனை இன்று செய்தவராவர்; சிவன் பணியிலும் நின்றவராவர்.

சிவம்.